வாடாத கனகாம்பரம்

விடுதியில் என் அறைக்கு நண்பர்கள் ‘பூக்கடை’ என்று பெயர் வைத்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. இரசாயனம் படிக்கும் ஆண்பிள்ளை ஒருவன் இரவு பதினொரு மணிக்கு மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து, மிளகளவு உருண்டைகளை உருட்டி, நசுக்கி, இதழ் இதழாக ஒட்டிக்கொண்டிருந்தால் நகையாமல் என் செய்வர்? முதலில் எனக்கும் சிறிது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பூவோடு எனக்குள்ள உறவு பழையது. என் அன்னை ஆர். கே. புரம் மலைமந்திர் பக்கத்தில் பூத் தொடுத்து விற்பவர். நிலக்கோட்டையிலிருந்து டெல்லிக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. விடியுமுன் காசிப்பூர் மண்டியில் வாங்கிய பூ இரவுக்குள் விலைபோகாவிட்டால் மறுநாள் குப்பைக்குத்தான் போகும். இந்தப் பொருளாதாரப் பாடத்தை நான் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை.

வாடாத பூ ஒன்று செய்ய முடியுமானால்? இந்த ஆசையில் நான் எடுத்துக்கொண்ட பொருளைப் பற்றியும், அதில் பூச் செய்து தோடும் கொண்டையூசியும் ஆக்கும் முறையைப் பற்றியும், அதில் நான் பட்ட அவமானத்தைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். நம் மன்றத்துத் தோழியர் சிலரும் தோழர் ஒருவரும் கற்றுக்கொடுக்கும்படி கேட்டிருப்பதால், செய்முறையைச் சற்று விரிவாகவே கூறுவேன்.

கடைகளில் இதற்குப் பாலிமர் களிமண் என்று பெயர். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். ஆற்றங்கரையில் கிடைக்கும் களிமண்ணுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. கையில் பிசையும்போது களிமண்ணைப் போல் வளைந்து கொடுக்கிறது என்பது ஒன்றே ஒற்றுமை. உண்மையில் இது பி.வி.சி. என்னும் பாலிவினைல் குளோரைடு. வீட்டில் தண்ணீர் வரும் குழாயும், மின்கம்பியின் மேல் உறையும், மழைச் சட்டையும் எந்தப் பிளாஸ்டிக்கோ அதே பிளாஸ்டிக்தான். மாவினும் நுண்ணிய பி.வி.சி. துகள்களை எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் குழைத்து, நிறமும் நிரப்பும் பொடியும் சேர்த்தால் இந்தக் களி கிடைக்கும். அந்தத் திரவத்துக்கு இரசாயன நூல்களில் பிளாஸ்டிசைஸர் என்று பெயர். கெட்டியான பிளாஸ்டிக்கை இளக்குவதே அதன் தொழிலாகையால் இக்கட்டுரையில் அதை இளக்கி என்றே அழைப்போம்.

பி.வி.சி.யை இளக்க முடியும் என்று கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி வால்டோ செமன். 1926-ஆம் ஆண்டில் அவர் தேடியது வேறொன்று: உலோகத்தோடு ரப்பரை ஒட்டவைக்கும் பசை. அதற்காகப் பயனற்றதென்று பலர் ஒதுக்கியிருந்த பி.வி.சி.யை, கொதிநிலை மிகுந்த ஒரு திரவத்தில் இட்டுக் காய்ச்சினார். பசை கிடைக்கவில்லை, வளையும் தன்மையுள்ள ஒரு புதுப்பொருள் கிடைத்தது. அதைக் களியாக்கிக் கலைக்குக் கொண்டுவந்த கதையும் இதைப் போன்றதே. ஜெர்மனியில் பொம்மை செய்வதில் புகழ்பெற்ற கேத்தே குருசே அம்மையாருக்கு, 1930-களின் இறுதியில், பொம்மைத் தலை செய்ய இத்தகைய களி ஒன்று வந்து சேர்ந்தது. அது அவருக்கு உதவவில்லை. வீட்டில் ஃபிஃபி என்று அழைக்கப்பட்ட அவருடைய மகள் அதை விடாமல் கையாண்டு, பின்னர் தாமே விற்கவும் தொடங்கினார். இன்று உலகெங்கும் விற்கும் ‘ஃபீமோ’ என்னும் பெயரின் முதலெழுத்தில் அந்த ஃபிஃபி ஒளிந்திருக்கிறார். அமெரிக்காவின் ‘ஸ்கல்பி’யோ, மின்மாற்றியின் வெப்பத்தைக் கடத்துவதற்காகச் செய்யப்பட்டு, அந்த வேலைக்கு உதவாமற்போய், பிறகு பொம்மை செய்வோர் கைக்கு வந்தது. வேறெதற்கோ செய்து தோற்றவற்றிலிருந்தே இந்தக் கலை பிறந்தது என்பதை, ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் தோற்கும் நான் ஆறுதலோடு குறித்துக்கொண்டேன்.

இனிச் செய்முறை. 57 கிராம் எடையுள்ள கட்டி ஒன்று 200 ரூபாய்க்கு மேல் விற்கிறது. மாணவனுக்கு இது பெரிய தொகைதான். ஆயினும் ஒரு சோடித் தோட்டுக்கு இரண்டு கிராம் களியே போதும். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு ஆகிய ஐந்தும் ஒளி ஊடுருவும் நிறமற்ற களி ஒன்றும் இருந்தால் எல்லா நிறங்களையும் நாமே கலந்துகொள்ளலாம். மஞ்சளில் கால்பங்கு சிவப்பும் சிறிது வெள்ளையும் சேர்த்தால் கனகாம்பரம் வரும். மல்லிகைக்கு வெறும் வெள்ளையை எடுக்காதீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருக்கும். நிறமற்ற களி இரண்டு பங்கு, வெள்ளை ஒரு பங்கு, ஊசிமுனையளவு மஞ்சள் என்று கலந்தால், ஒளி இதழுக்குள் சற்றே புகுந்து திரும்பும். உண்மைப் பூவின் வெண்மை அப்படிப்பட்டதே. கையில் நிறம் ஒட்டிக்கொள்ளுமாதலால் முதலில் வெள்ளையைப் பிசைந்துவிட்டு அடர்ந்த நிறங்களுக்குப் போகவேண்டும். இந்த வரிசையை மாற்றியவன் மல்லிகை எல்லாம் செம்பருத்தியின் சாயலோடு பிறக்கக் காண்பான்.

கட்டியை உறையிலிருந்து எடுத்த உடனே பூச் செய்யத் தொடங்கலாகாது. சப்பாத்திக்கு மாவு பிசைவதுபோல் ஐந்து பத்து நிமிடங்கள் நன்றாகப் பிசைய வேண்டும். அசையாமல் கிடந்த களியில் துகள்களும் இளக்கியும் ஒருவகை இறுக்கத்தில் நின்றிருக்கும். பிசையப் பிசைய அந்த இறுக்கம் நெகிழ்ந்து களி ஒரே சீராகும். பிசையாத களியில் செய்த இதழ் ஓரத்தில் வெடிக்கும். மிகவும் மென்மையாகி விரலில் ஒட்டினால், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கிடையே ஓர் இரவு அழுத்தி வைத்தால் போதும். மறுநாள் தாளில் எண்ணெய்க் கறை தெரியும். அதுதான் அதிகப்படி இளக்கி.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் வேண்டா. மேசையின் மேல் ஒரு பீங்கான் ஓடு, உருளையான கண்ணாடிப் புட்டி ஒன்று, தையலூசி, பல்குத்தும் குச்சி, சவர பிளேடு, வெட்டித் திறந்த பாலிதீன் உறை, அவ்வளவே. ஆனால் இவற்றுள் எதையும் மீண்டும் சமையலுக்குத் திருப்பக் கூடாது.

இதழ் செய்வதே இக்கலையின் உயிர். மிளகளவு உருண்டை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் ஒரு பக்கம் மட்டும் அழுத்தி உருட்டினால் நீர்த்துளி வடிவம் வரும். அதை மடித்த பாலிதீன் உறைக்குள் வைத்து, அகன்ற பக்கத்தின் ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். அடி தடித்தும் ஓரம் மெலிந்தும் இருப்பதுதான் இதழின் இலக்கணம். நடுவிலும் ஓரத்திலும் ஒரே தடிப்பாக இருந்தால் அது பூவாகாது, பொத்தானாகும். பிறகு ஊசியால் அடியிலிருந்து ஓரத்தை நோக்கி நாலைந்து கோடுகள் மெல்ல இழுத்தால் நரம்பு தோன்றும். ஓரத்தை விரல் நுனியில் வைத்துச் சற்றே பின்னுக்குச் சுருட்டினால் உயிர் வந்துவிடும். இதழ்களை ஒன்றோடொன்று சேர்க்கப் பசை வேண்டியதில்லை. வேகாத களி வேகாத களியோடு தானே ஒட்டும். குச்சி முனையால் அடிப்பாகத்தை அழுத்திக் கொடுத்தால் போதும்.

ரோஜாச் செய்வது எளிது. அதனாலேயே எல்லோரும் ரோஜாச் செய்கிறார்கள். ஓர் இதழைச் சுருட்டி நடுவில் வைத்து மற்றவற்றைச் சுற்றிக்கொண்டே போனால் ஏதோ ஒரு ரோஜா வந்துவிடும். நான் கனகாம்பரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மல்லிகையைக் களியில் எவ்வளவு அழகாகச் செய்தாலும் மணம் இல்லை என்னும் குறை இருந்தே தீரும். கனகாம்பரத்துக்கோ இயற்கையிலேயே மணம் இல்லை! களியில் செய்தால் அது இழப்பதற்கு ஒன்றுமில்லை. மேலும் தமிழ்நாட்டு உழவர் ‘டெல்லி கனகாம்பரம்’ என்று ஒரு வகையைப் பயிரிடுகிறார்கள். விதையால் அன்றிக் குச்சி நட்டே அதைப் பெருக்குகிறார்கள். பெயரில் டெல்லி இருக்கிறது. டெல்லியில் இருக்கும் எங்களுக்கோ கனகாம்பரம் தெற்கிலிருந்து வந்தால்தான் உண்டு. டெல்லியில் ஒரு டெல்லி கனகாம்பரம் செய்தால் என்ன என்ற குறும்பும் இதில் கலந்திருந்தது.

முதல் பூவை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துச்சென்று அன்னையிடம் காட்டினேன். ஐந்து இதழ்களையும் சக்கரம்போல் சுற்றிவர அமைத்திருந்தேன். நார் பிடித்த கையை நிறுத்தாமலே பார்த்தார்.

“என்னடா இது?”

“கனகாம்பரம்மா.”

“கனகாம்பரம் எப்படா சுத்திப் பூத்துச்சு? அஞ்சு இதழும் ஒரு பக்கமாத்தான சாஞ்சிருக்கும். இருபது வருசமா கட்டுறேன், நீ ஒரு நாளாவது ஒத்தப் பூவ எடுத்துப் பாத்திருக்கியா?”

கூடையிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நீண்டு மெலிந்த குழல், அதன் நுனியில் ஐந்து மடல்களும் விசிறியை விரித்தாற்போல் ஒரே பக்கம் விரிந்திருக்கின்றன, எதிர்ப்பக்கம் வெறுமை. தாவரநூல் படங்களைப் பிறகு பார்த்தபோது அங்கும் அப்படியே இருந்தது. வாழ்நாளெல்லாம் கனகாம்பரக் கூடைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் அதைப் பார்த்ததே இல்லை! இதழ் செய்யும் வித்தையைக் கற்பதற்கு முன், பூவொன்றை வாங்கி அக்கக்காகப் பிரித்து ஒரு தாளில் வரிசையாக ஒட்டிப் பாருங்கள் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.

சிறு பூக்களை நூற்றுக்கணக்கில் செய்ய விரும்புவோர்க்கு வேறொரு வழியும் உண்டு. வெண்டைக்காயை எந்த இடத்தில் குறுக்கே நறுக்கினாலும் அதே நட்சத்திரம் தெரிகிறதல்லவா? அதேபோல் இதழ் நிறத்தில் ஐந்து கோல்கள், நடுவில் மஞ்சள் கோல் ஒன்று, இடைவெளியை நிரப்பப் பின்னணி நிறம் என்று கட்டாகச் சேர்த்து, மெல்ல அழுத்தி நீட்டினால், கோல் மெலிய மெலியப் பூவும் அதே வடிவத்தோடு சிறுக்கும். பிறகு பிளேடால் வில்லை வில்லையாக அரியலாம். இத்தாலியின் முரானோத் தீவில் கண்ணாடியில் செய்துவந்த வேலை இது. ‘ஆயிரம் பூக்கள்’ என்று பொருள்படும் மில்லெஃபியோரி என்பது அதன் பெயர். அழகானதுதான், எனக்கு ஏனோ தனித்தனி இதழாகச் செய்வதில் உள்ள திருப்தி இதில் கிடைக்கவில்லை.

பூ உருவாகிவிட்டது. இனி அதை வேகவைக்க வேண்டும். நான் தோற்ற இடம் இதுவே.

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில், மேடைக்கு வலப்பக்கம் ஒரு சிறு மேசை போட்டு 32 சோடித் தோடுகளைப் பரப்பினேன். சோடி 120 ரூபாய். விடுதி உணவுக் கட்டணத்தில் இரண்டு மாத பாக்கி இருந்தது. அதைத் தீர்ப்பதே நோக்கம். ‘வாடாத பூ’ என்று அட்டையில் எழுதி வைத்தேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்றிரவு நான் எவ்வளவு இறுமாந்திருப்பேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் நாள், முதலாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி நூலகப் படியில் என்னை நிறுத்தி ஒரு தீப்பெட்டியை நீட்டினாள். உள்ளே குழல் தனியாகவும் மூன்று இதழ்கள் தனியாகவும் கிடந்தன.

“வாடாதுன்னு எழுதியிருந்தீங்களே அண்ணா. உதிராதுன்னு எழுதலையா?”

அவள் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் அதிகம் உறைத்தது. அடுத்த வாரத்துக்குள் மேலும் பத்துப்பேர் திருப்பிக் கொடுத்தனர். வாங்கியவர்களில் நினைவிருந்தவர்களையெல்லாம் தேடிப் பணத்தைத் திருப்பினேன். உணவு பாக்கி அப்படியே நின்றது. பணத்தைவிட, காரணம் தெரியாமற்போனதே என்னை வாட்டியது. கட்டியின் உறையில் 130 பாகை சென்டிகிரேடு என்று போட்டிருந்தது. நானும் மேசை அடுப்பின் முள்ளை 130-இல் வைத்து அரைமணி நேரம் சுட்டேன். பூக்கள் தொட்டால் கெட்டியாகவே இருந்தன. பிறகு ஏன் உதிர்ந்தன?

இதற்கு விடை காண, வேகும்போது உள்ளே நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜவ்வரிசி வடாம் போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தண்ணீரில் ஊறிய ஜவ்வரிசி தனித்தனி மணியாகவே நிற்கும். சூடேற்றக் கூடேற்ற மணிகள் தண்ணீரை உறிஞ்சிப் பருத்து, ஓரம் கரைந்து, ஒன்றோடொன்று கலந்து ஒரே கூழாகின்றன. பாதி வெந்ததில் ஒவ்வொரு மணியின் நடுவிலும் வெள்ளைப் புள்ளி ஒன்று நிற்கும். பாலிமர் களியிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. மணிகளுக்குப் பதில் பி.வி.சி. துகள்கள், தண்ணீருக்குப் பதில் இளக்கி. குளிர்ந்த நிலையில் இளக்கி துகள்களுக்கு வெளியே நின்று அவற்றை வழுக்கி விடுகிறது. அதனால்தான் களி பிசைய வருகிறது. பி.வி.சி.யின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் 80 பாகைக்குக் கீழே விறைத்துக் கிடப்பவை. அதற்கு மேல் அவை அசையத் தொடங்க, இளக்கி துகளுக்குள் புகுகிறது. துகள் பருக்கிறது. உஷ்ணம் இன்னும் ஏறினால் ஒரு துகளின் சங்கிலிகள் அடுத்த துகளின் சங்கிலிகளோடு பின்னிக்கொள்கின்றன, எல்லை மறைகிறது. ஆறியபின் அது துகள்களின் குவியலாக இராமல், வளைந்து கொடுக்கும் ஒரே பிளாஸ்டிக்காக நிற்கிறது.

இதில் புதிய இரசாயனப் பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் பலர் செய்யும் சுடுமண் நகையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சூளையின் கடும் வெப்பத்தில், களிமண்ணின் மூலக்கூறோடு பிணைந்திருந்த நீரே பிரிந்து போய்விடுகிறது; அது இரசாயன மாறுதல்; சுட்ட மண் மீண்டும் களியாகாது. நம் பிளாஸ்டிக் களி வேகுவது பெரும்பாலும் பௌதிக மாறுதல். ஆகவே பாதி வெந்ததை மீண்டும் அடுப்பில் வைத்து முழுதும் வேகவைக்க முடியும். இந்த ஓர் உண்மை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தத் தீப்பெட்டியைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

ஆக, சந்தேகம் அடுப்பின் மேல் விழுந்தது. ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று ஒரு தெர்மோகப்பிளைக் கொண்டுவந்து, பூ வைக்கும் இடத்திலேயே முனையை வைத்துப் பார்த்தேன். முள் 130-இல் நின்றது. உள்ளே உஷ்ணம் 96-க்கும் 108-க்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருந்தது. இந்த மலிவு அடுப்புகளில் உஷ்ணத்தைக் கட்டுப்படுத்துவது ஈருலோகப் பட்டை ஒன்று. சூடானால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறினால் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். பட்டை இருக்கும் மூலை ஓரிடம், பூ இருக்கும் தட்டு வேறிடம். இரண்டும் ஒரே உஷ்ணத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உறுதிப்படுத்திக்கொள்ள மற்றொரு சோதனையும் செய்தேன். பி.வி.சி. குழாய் சரியாக உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று அறிய, அதன் துண்டை அசெட்டோனில் இட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. உதிர்ந்த இதழ் ஒன்றை ஒரு குப்பியில் அசெட்டோனில் போட்டேன். சிறிது நேரத்தில் ஓரமெல்லாம் கரைந்து, அடியில் செம்மஞ்சள் மாவாகப் படிந்தது. மீண்டும் உரிய உஷ்ணத்தில் சுட்ட இதழையும் அவ்வாறே போட்டேன். அது ஊறிப் பருத்துத் துவண்டது. ஆனால் இதழாகவே இருந்தது. வெள்ளைப் புள்ளி நின்ற ஜவ்வரிசியையா நான் வடாம் என்று விற்றேன்!

நீங்கள் அசெட்டோனைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் பூக்களோடு ஒரு விரல் நீளம், ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டை ஒன்றையும் சேர்த்துச் சுடுங்கள். நன்றாக ஆறிய பின் அதை வளையுங்கள். வளைந்து மீண்டால் வெந்தது. பொட்டென்று முறிந்தால் வேகவில்லை. சூடாக இருக்கும்போது வளைத்துப் பார்த்து மகிழ வேண்டா. அப்போது எல்லாமே வளையும். சில மலிவு வகைகள் நன்றாக வெந்தாலும் முறியும். அவற்றை மணிகளுக்கு வைத்துக்கொண்டு, மெல்லிய இதழுக்கு வேறு வாங்குவதே நல்லது.

அடுப்புக்குள் வைக்கும் சிறு உஷ்ணமானி ஒன்று கட்டாயம் வாங்க வேண்டும். களி வாங்கும் பணத்தில் ஒரு பங்கைக் குறைத்தாவது இதை வாங்குங்கள். பூக்களைப் பீங்கான் ஓட்டின் மேல் வைத்தால் அந்த ஓடு வெப்பத்தைப் பிடித்து வைத்து, உஷ்ணம் ஏறியிறங்குவதை மட்டுப்படுத்தும். சிவந்து எரியும் கம்பியின் நேர்க்கதிர் படாதபடி மேலே அலுமினியத் தாளைக் கூடாரம்போல் கவிழ்க்க வேண்டும். அடுப்பைக் கால்மணி நேரம் முன்பே சூடாக்க வேண்டும். சூட்டில் இதழ் துவளுமாதலால், சோளமாவைக் கிண்ணத்தில் பரப்பி அதன்மேல் பூவை அமர்த்துகிறேன். பிறகு தூரிகையால் மாவைத் தட்டிவிடலாம். எத்தனை பாகை, எத்தனை நேரம் என்பது உறைக்கு உறை மாறும். 110 பாகை கேட்பதும் உண்டு, 130 கேட்பதும் உண்டு. உறையில் உள்ளதே வேதம்; ஆனால் அந்த எண் அடுப்பின் முள்ளுக்கு அன்று, உஷ்ணமானிக்கு.

குறைந்தால் உதிரும் என்றேன். மிகுந்தால் அதைவிடக் கேடு. பி.வி.சி. சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கரி அணுவில் குளோரின் தொங்குகிறது. உஷ்ணம் எல்லை கடந்தால் அந்தக் குளோரின் பக்கத்து ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறத் தொடங்கும். சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உண்டாகும்; அவை ஒளியை உறிஞ்சுவதால் வெள்ளை முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், பிறகு கறுக்கும். வெளியேறிய வாயுவே மேலும் சிதைவைத் தூண்டும். நாற்றம் மூக்கைக் குத்தினால் அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியேறுங்கள். திறந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்த வாயு நீரோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம்; நம் கண்ணிலும் மூச்சுக்குழலிலும் நீர் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பில் இதை வைக்கவே கூடாது. ஆய்வுக்கூடத்து வெப்பப் பெட்டியில் வைக்கலாமே என்று நானும் நினைத்தேன். கேட்டபோது நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நியாயமே. பிறர் ஆய்வுப்பொருள் உலரும் பெட்டிக்குள் இளக்கியின் ஆவியையும், தவறினால் அமிலத்தையும் விட எனக்கு என்ன உரிமை? எனக்கு இப்போது பழைய அடுப்பு ஒன்று தனியே இருக்கிறது. அதில் ரொட்டி சுடுவதில்லை.

இளக்கி என்னும் இந்தப் பொருள் ஓயாமல் ஊர்ந்து திரிவது. வேகாத பூக்களை நான் ஒருமுறை கண்ணாடிபோல் பளபளக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தேன். மறுவாரம் பூவும் பெட்டியும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பெட்டி பாலிஸ்டைரீன். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன், ஆகாது. 5 என்று இருந்தால் அச்சமில்லை. நகப்பூச்சைப் பூவின் மேல் பூசும் ஆசையும் வேண்டா. பல நகப்பூச்சுகள் இதன்மேல் உலராமல் நாள்பட நாள்படப் பிசுபிசுக்கும். நீரில் கரையும் வார்னிஷ் பூசலாம். டெல்லிக் கோடையையும் மறக்காதீர்கள். ஜூன் மாதத்தில் சன்னலோரம் மறந்து வைத்த கட்டி ஒன்று, வெயிலிலேயே பாதி வெந்து, பிசைந்தால் புட்டு மாவுபோல் உதிர்ந்தது. வாங்குவதாயின் குளிர்காலத்தில் வாங்கி நிழலில் வையுங்கள்.

உடல்நலம் பற்றி ஒரு சொல். பி.வி.சி.யை இளக்க நெடுங்காலம் தாலேட் வகைப் பொருள்களைச் சேர்த்து வந்தார்கள். அவற்றுட் சில வளரும் குழந்தைகளின் உடலைக் கெடுக்கும் என்ற கவலையால் ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் சிறுவர் பொருள்களில் தற்காலிகத் தடையும் 2005-இல் நிலையான தடையும் விதித்தது. அமெரிக்காவும் 2008-இல் சட்டம் செய்தது. பெயர்பெற்ற கம்பெனிகள் தாலேட் இல்லாத இளக்கிகளுக்கு மாறிவிட்டன. உறையில் அவ்வாறே அச்சிடுகின்றன. சதர் பஜாரில் உறையும் பெயரும் இல்லாமல் கூறுகட்டி விற்கும் வண்ணக் கட்டிகளில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அவற்றை நான் வாங்குவதில்லை. எதுவாயினும் வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவிய பிறகே உணவு.

கம்பி மாட்டுவதில் அதிகம் சொல்வதற்கில்லை. வேகும் முன்பே குழலுக்குள் கம்பியைச் செருகி, களிக்குள் இருக்கும் நுனியைச் சிறு கொக்கியாக வளைத்துவிட்டால் வெந்தபின் உருவி வராது. வளையமும் கொக்கியும் சதர் பஜாரில் எடைக்கணக்கில் கிடைக்கும். ஆனால் காதில் மாட்டும் கொக்கியில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். நிக்கல் கலந்த கொக்கியால் சிலருக்குக் காது சிவந்து புண்ணாகும். பழி பூவின்மேல் விழும். அறுவைக் கருவிகளுக்கான துருப்பிடிக்காத எஃகிலோ வெள்ளியிலோ வாங்குங்கள்.

மற்றொன்று. அன்றைய மேசையில் என் அட்டையின் இரண்டாம் வரி ‘களிமண் நகை’ என்பது. முதிய அம்மையார் ஒருவர் அதைப் பார்த்து, சுடுமண் என்று நம்பி, பிளாஸ்டிக்கை வெறுப்பவராகையால் மகிழ்ந்து வாங்கிச் சென்றார் என்று பின்னர் அறிந்தேன். நான் பொய் சொல்லவில்லை; கடைக்காரன் எழுதியதைத்தான் எழுதினேன். ஆயினும் அந்தச் சோடிக்குப் பணம் திருப்பிக் கொடுத்தபோதுதான் என் மனம் மிகவும் கூசியது. மற்றவை அடுப்பின் பிழை. இது என் பிழை. பி.வி.சி. மண்ணில் மக்காது, எரித்தால் நஞ்சு. வாடாத பூ என்றால் குப்பையிலும் வாடாது. ஆகையால் இப்போது சிதறிய துண்டுகளை எறியாமல் கசக்கிய அலுமினியத் தாளின் மேல் சுற்றி மணிகளின் உட்புறமாக்குகிறேன். அட்டையில் ‘இது மண் அன்று, பி.வி.சி. பிளாஸ்டிக்’ என்று எழுதுகிறேன். விற்பனை சிறிது குறைந்திருக்கிறது.

புதிய கனகாம்பரங்களைச் சென்ற மாதம் அன்னையிடம் காட்டினேன். ஐந்து மடல்களும் ஒரே பக்கம். ஒன்றை எடுத்து இதழை விரலால் மடக்கி விட்டார். அது வளைந்து நிமிர்ந்தது. கனகாம்பரச் சரத்தின் நடுவே அதை வைத்துக் கட்டி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“பரவால்லடா, தெரியல. ஆனா இத முழம் போட்டு விக்க முடியாது. கனமாருக்கு, கொண்டைய இழுக்கும்.”

எடைபோட்டுப் பார்த்தேன். பூ ஒன்று 0.9 கிராம். குழலை உள்ளே கூடாக்கி, இதழை இன்னும் மெலிதாக்கினால் அதில் பாதிக்கு இறக்கலாம் என்று தோன்றுகிறது. தீப்பெட்டி கொண்டுவந்த அந்தத் தங்கைக்கு ஒரு சோடி பாக்கி இருக்கிறது. அவள் பணம் வேண்டாமென்று பூவையே கேட்டிருக்கிறாள். எடை குறைந்த முதற் சோடி அவளுக்கு.